சிராங்கூன் சாலையில் ஏறும் கோடுகள்

தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. சிங்கப்பூரின் சிராங்கூன் சாலை நுழைவு வளைவில் விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. எதிர்ப்பக்கக் கம்பித் தடுப்பில் சாய்ந்து நின்ற என் அக்கா மகள் தன் கேமராவை என்னிடம் நீட்டினாள்.

"மாமா, ஃபோட்டோ எடுத்தா பளிச்சுன்னு இருக்கு. அதே இடத்துல வீடியோ எடுத்தா கோடு கோடா மேல ஏறுது பாருங்க. கேமரா கெட்டுப்போச்சா?"

திரையைப் பார்த்தேன். ஒளிர்ந்துகொண்டிருந்த வளைவின் குறுக்கே மங்கலான பட்டைகள் சில, யாரோ திரைச்சீலையை இழுப்பதுபோல், கீழிருந்து மேலாக மெல்ல நகர்ந்தன. தலையை நிமிர்த்தி வளைவை நேரே பார்த்தால் எந்தக் கோடும் இல்லை.

கேமரா கெடவில்லை. அவள் வார இறுதிகளில் திருமணங்களுக்குப் படமும் காணொளியும் எடுத்துத் தரத் தொடங்கியிருக்கிறாள். அடுத்து எந்தக் கேமரா வாங்கலாம் என்று கேட்கத்தான் அன்று என்னை இந்தத் தேக்கா வட்டாரத்துக்கு அழைத்திருந்தாள். எந்த நிறுவனம், எத்தனை மெகாபிக்ஸல் என்று பேச்சைத் தொடங்கியிருந்தோம். அந்தக் கோடுகளைப் பார்த்ததும் பேச்சை அங்கிருந்தே மறுபடி தொடங்கலாம் என்று தோன்றியது. கேமரா வாங்கப் போகிறவர் கேட்க வேண்டிய கேள்விகளில் பாதி அந்தக் கோடுகளுக்குள் இருக்கிறது.

சிங்கப்பூரில் வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மாறுமின்னோட்டம் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை உச்சத்தைத் தொட்டு இறங்கும். அதனால் எளிய மின்சுற்று கொண்ட எல்.இ.டி விளக்கு நொடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. நல்ல மின்சுற்று உள்ள விளக்கில் இந்த ஏற்ற இறக்கம் பெரும்பாலும் சமனாகிவிடும். ஆயிரக்கணக்கில் தொங்கவிடும் அலங்கார விளக்குகள் எல்லாம் அப்படி இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. நம் கண்ணுக்கு நொடிக்கு நூறு துடிப்பு தெரிவதில்லை. கேமராவுக்குத் தெரியும்.

ஒரு துடிப்பு நூறில் ஒரு நொடி, அதாவது 10 மில்லிநொடி. கேமராவின் ஷட்டர் ஐம்பதில் ஒரு நொடி திறந்திருந்தால் 20 மில்லிநொடி. அதற்குள் சரியாக இரண்டு முழுத் துடிப்புகள் அடங்கும். துடிப்பின் உச்சத்தில் திறந்தாலும், பள்ளத்தில் திறந்தாலும், உள்ளே வரும் வெளிச்சம் ஒன்றுதான். அதே ஷட்டரை அறுபதில் ஒரு நொடிக்கு வைத்தால் 16.7 மில்லிநொடி. ஒரு முழுத் துடிப்பும் இன்னொன்றில் முக்காலுக்குச் சற்றுக் குறைவும் உள்ளே வரும். அந்தக் குறைத் துடிப்பு உச்சத்தை உள்ளடக்கியதா, பள்ளத்தையா என்பது ஷட்டர் எப்போது திறந்தது என்பதைப் பொறுத்தது. சென்சாரின் ஒவ்வொரு வரியும் ஒவ்வொரு நேரத்தில் திறப்பதால் ஒரு வரிக்குக் கூடுதல் வெளிச்சமும் அடுத்தடுத்த வரிகளுக்குக் குறைவும் கிடைக்கிறது. அதுதான் பட்டை. காணொளியின் அடுத்த சட்டகத்தில் (ஃப்ரேமில்) அந்தக் கணக்கு சற்றே தள்ளிப்போவதால் பட்டை நகர்கிறது.

அவளுடைய கேமரா 60 ஹெர்ட்ஸ் நாடுகளுக்கான அமைப்பில் இருந்தது. நொடிக்கு 30 சட்டகம், அறுபதில் ஒரு நொடி ஷட்டர். அமெரிக்காவிலும் தென்கொரியாவிலும் தைவானிலும் அது சரியான அமைப்பு. சிங்கப்பூர், மலேசியா, இந்தியா, இலங்கை எல்லாம் 50 ஹெர்ட்ஸ் நாடுகள். ஜப்பான் மட்டும் வேடிக்கையாக இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது: டோக்கியோவில் 50, ஒசாகாவில் 60. மெனுவுக்குள் போய் 'பால்' (PAL) எனும் 50 ஹெர்ட்ஸ் நாடுகளுக்கான அமைப்புக்கு மாற்றி, 25 சட்டகம், ஐம்பதில் ஒரு நொடி என்று வைத்துக் கொடுத்தேன். கோடுகள் போய்விட்டன. ஐஃபோன் வைத்திருப்பவர்களும் அமைப்புகளில் கேமரா, காணொளிப் பகுதிக்குள் போய் பால் வடிவங்களைத் திறந்துகொண்டால் 25 கிடைக்கும்.

இது புதிய சிக்கல் இல்லை. 2008 ஆகஸ்டில் நிக்கான் டி90 வந்தது. காணொளி எடுக்கக்கூடிய முதல் டி.எஸ்.எல்.ஆர் அதுதான். அடுத்த மாதமே கேனன் 5டி மார்க் 2 அறிவிக்கப்பட்டது. 36 மில்லிமீட்டர் அகலம், 24 மில்லிமீட்டர் உயரம் கொண்ட முழுச்சட்டக சென்சாரில் முழு எச்.டி காணொளி, பெரிய சினிமா கேமராக்களில் மட்டுமே கிடைத்த, பின்னணி குழைந்து மங்கும் அழகு சில ஆயிரம் சிங்கப்பூர் வெள்ளியில் கைக்கு வந்தது. ஆனால் அது நொடிக்கு 30 சட்டகத்தில் மட்டுமே எடுத்தது. ஷட்டரைக் கையால் மாற்றும் வசதி 2009 ஜூனில் மென்பொருள் மேம்பாடாக வந்தது. 24, 25 சட்டகங்கள் 2010 மார்ச்சில்தான் வந்தன. 50 ஹெர்ட்ஸ் நாட்டுக் கலைஞர்கள் தங்கள் ஊர் விளக்கோடு ஒத்துப்போகும் ஒரு எண்ணுக்காக ஒன்றரை ஆண்டு காத்திருந்தார்கள்.

அந்தத் தலைமுறைக் கேமராக்களின் பிள்ளைதான் 2012இல் வந்த 'வழக்கு எண் 18/9'. பாலாஜி சக்திவேல் இயக்கிய அந்தப் படத்தை ஒளிப்பதிவாளர் விஜய் மில்டன் கேனன் 7டி என்ற புகைப்படக் கேமராவில் எடுத்தார். அதன் சென்சார் முழுச்சட்டகம்கூட இல்லை, அதைவிடச் சிறிய ஏ.பி.எஸ்-சி. தெருவோர இட்லிக் கடையிலும் நெரிசலான வீட்டிலும் பெரிய கேமரா நுழைந்தால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். சின்னக் கேமரா அங்கே ஒரு ஆளாக நிற்க முடிந்தது. 'சின்ன சென்சார் போதுமா மாமா?' என்று கேட்கும் யாருக்கும் நான் முதலில் சொல்லும் பதில் அந்தப் படத்தைப் பாருங்கள் என்பதுதான்.

ஆனால் அந்தக் கேமராக்களுக்கு ஒரு பெரிய குறை இருந்தது. இன்றைய கேமராக்களைப் பிரித்துப் பார்ப்பதும் அதே குறையை வைத்துத்தான்.

5டி மார்க் 2 புகைப்படம் எடுக்கும்போது அகலவாக்கில் 5616 பிக்ஸல்களைப் படிக்கும். காணொளிக்கு 1920 போதும். அத்தனை பிக்ஸல்களையும் நொடிக்கு முப்பது முறை படித்துச் சுருக்கும் வேகம் அப்போதைய மின்சுற்றுக்கு இல்லை. ஆகவே மூன்று வரிக்கு ஒரு வரி என்று தாண்டித் தாண்டிப் படித்தது. வெறும் சுவரைப் படமெடுத்தால் ஒன்றும் தெரியாது. மணப்பெண்ணின் பட்டுப்புடவையைப் படமெடுத்தால் தெரியும். ஊடும் பாவும் நெருக்கமாக, ஒழுங்காக ஓடும் நெசவு அது. அந்த ஒழுங்கின் மேல் கேமரா தன் தாண்டும் ஒழுங்கைப் போட்டால் இரண்டும் மோதி, புடவையில் இல்லாத வளைகோடுகள் வானவில் நிறத்தில் நெளியும். மொய்ரே என்பார்கள். பஸ்ஸில் போகும்போது இரண்டு கம்பிவேலிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிந்தால் அவற்றின் நடுவே அலை ஓடுவதுபோல் தோன்றுமே, அதேதான். கரையும் கட்டமும் நிறைந்த துணி நமக்கு அன்றாடம். ஆகவே இந்தக் குறை நமக்குச் சற்று அதிகமாகவே வலித்தது.

இன்றைய 24 மெகாபிக்ஸல் கேமராக்களில் பல, காணொளிக்கும் அகலவாக்கில் உள்ள 6000 பிக்ஸல்களையும் படித்து, அவற்றை 4கே அளவான 3840க்குச் சுருக்குகின்றன. படம் கூர்மையாகவும் நெசவு நெசவாகவும் இருக்கும். சில கேமராக்கள் இன்னமும் வரிகளைத் தாண்டுகின்றன, அல்லது சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுக்கின்றன. 61 மெகாபிக்ஸல் கேமரா காணொளியில் 24 மெகாபிக்ஸல் கேமராவிடம் தோற்பது இதனால்தான். 4கே சட்டகம் ஒன்றில் இருப்பதே 83 லட்சம் பிக்ஸல். சோனி தன் முழுச்சட்டகக் கேமராக்களில் 2019இல் ஏ7ஆர் 4ஐ 61 மெகாபிக்ஸலோடும் 2020இல் ஏ7எஸ் 3ஐ 12 மெகாபிக்ஸலோடும் விற்கத் தொடங்கியது. முன்னது புகைப்படக்காரருக்கு, பின்னது காணொளிக்காரருக்கு. பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் இருக்கும் எண் கூடினால் கேமரா உயர்ந்தது என்ற நம்பிக்கையை அதே நிறுவனமே உடைத்துக் காட்டியிருக்கிறது.

பெட்டியின் மேல் எங்கும் இல்லாத எண் ஒன்று உண்டு. சென்சாரை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை ஒருமுறை படித்து முடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது? சாதாரண 24 மெகாபிக்ஸல் சென்சாருக்கு ஏறத்தாழ 20 மில்லிநொடி என்று வையுங்கள். 4கே எடுக்கும்போது மூவாயிரத்துச் சொச்சம் வரிகள். ஒரு வரிக்கு ஆறு மைக்ரோநொடி. மேல் வரி பார்த்த உலகத்துக்கும் கீழ் வரி பார்க்கும் உலகத்துக்கும் 20 மில்லிநொடி வயது வித்தியாசம்.

தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில்வரை காவடிகள் போகும் வழியில் நின்றால் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். அலகுக்காவடி எடுத்தவர் சட்டென்று சுழலும்போது அதன் நிமிர்ந்த கம்பிகள் காணொளியில் சாய்ந்துபோகும். கணக்குப் போட்டால் தெளிவாகும். ஒரு கம்பி சட்டகத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அரை நொடியில் கடக்கிறது என்று வைத்தால், 20 மில்லிநொடியில் அது அகலத்தில் 4 விழுக்காடு நகர்ந்திருக்கும். 4கே படத்தில் அது 150 பிக்ஸலுக்கு மேல். கம்பியின் தலை ஓரிடத்தில், கால் இன்னோரிடத்தில். உறுமி அடிப்பவர் கையிலுள்ள குச்சி வில்லாக வளையும். ஒரு பக்தரின் நேர்த்திக்கடனைப் பதிவுசெய்யப் போய், அவர் தோளில் இருந்த காவடியையே கோணலாக்கிக் கொடுப்பது எனக்கு மனசுக்கு ஒப்பாத காரியம்.

புகைப்படத்தில் இது ஏன் வருவதில்லை? இயந்திர ஷட்டரின் இரண்டு திரைகள் சென்சாரை ஏறத்தாழ 4 மில்லிநொடியில் கடந்துவிடுகின்றன. வெளிச்சம் விழும் நேரத்தைத் திரைகள் முடிவுசெய்துவிட்டால், பிறகு சென்சார் எவ்வளவு மெதுவாகப் படித்தாலும் கவலை இல்லை, உள்ளே இருட்டு. காணொளியில் திரை இல்லை. இதனால்தான் ஒரே கேமரா, ஒரே இடம், ஒரே விளக்கு, படம் சுத்தமாகவும் காணொளி கோணலாகவும் வருகிறது. கோயிலில் தாலி கட்டும் நேரத்தில் 'கிளிக்' சத்தம் கேட்கக் கூடாது என்று மௌன ஷட்டரைப் போடுகிறவர்களும் கவனிக்க வேண்டும். மௌன ஷட்டர் என்பது திரையில்லாத ஷட்டர். காணொளியின் பட்டையும் சாய்வும் புகைப்படத்துக்குள்ளும் வந்துவிடும்.

இதற்கு மருந்து வந்து சில ஆண்டுகள் ஆகின்றன. சென்சாரின் முதுகிலேயே நினைவகத்தை அடுக்கி ஒட்டிவிட்டால், படித்ததை உடனே கொட்ட இடம் கிடைக்கும். வேகம் பல மடங்கு கூடும். 2017இல் வந்த சோனி ஏ9தான் முழுச்சட்டகத்தில் இப்படி அடுக்கிய சென்சாரோடு வந்த முதல் கேமரா. 2021இல் நிக்கான் இசட்9 இயந்திர ஷட்டரையே முழுக்கக் கழற்றிப் போட்டது. 2023 நவம்பரில் அறிவிக்கப்பட்ட சோனி ஏ9 3 இன்னும் ஒரு படி போய், எல்லா வரிகளையும் ஒரே கணத்தில் பிடிக்கிறது. அதில் சாய்வே கிடையாது. அதற்கும் ஒரு விலை உண்டு: ஒவ்வொரு பிக்ஸலுக்குள்ளும் மின்னூட்டத்தைச் சேமித்துவைக்கத் தனி இடம் ஒதுக்க வேண்டியிருப்பதால் வெளிச்சத்தைப் பிடிக்கும் திறனில் சற்று விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. வெள்ளியில் சொல்லும் விலையும் வாரயிறுதி வேலைக்காரருக்கு எட்டாத உயரம்தான். நடுவில் இருப்பவை பல. வாங்கும் முன் அந்த மாடலின் படிக்கும் நேரத்தைத் தேடிப் பாருங்கள். சோதனை செய்து அளப்பவர்கள் இருக்கிறார்கள். கடையிலேயே பார்க்கவும் வழி உண்டு. காணொளியைத் திறந்து, கதவின் நிலைச்சட்டத்தை நோக்கிக் கேமராவை இடமும் வலமுமாக வேகமாகத் திருப்புங்கள். நிலை எவ்வளவு சாய்கிறது என்று உங்கள் கண்ணே சொல்லும்.

அடுத்தது வெளிச்சம். இங்கே பூமத்திய ரேகைக்கு வடக்கே 137 கிலோமீட்டரில் இருக்கிறோம். சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குகிறது. அது மறைந்தபின் வானம் நீலமாக நிற்கும் பொழுது ஏறத்தாழ 22 நிமிடம். லண்டன் கோடையில் அதே பொழுது முக்கால் மணி நேரத்துக்கு மேல் நீளும். விளக்கும் வானமும் ஒரே படத்தில் பொருந்தி வரும் அந்த 22 நிமிடத்தில் படமும் எடுக்க வேண்டும், காணொளியும் எடுக்க வேண்டும் என்றால் கேமரா தடுமாறாமல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற வேண்டும். புகைப்படத்துக்கு ஒரு அமைப்பு, காணொளிக்கு ஒரு அமைப்பு, இரண்டையும் தனித்தனியே நினைவில் வைத்துக்கொண்டு ஒரே குமிழைத் திருப்பினால் மாறிவிடும் கேமராவா என்று பாருங்கள். சென்சாரைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதைப் பேசுவதில்லை. எனக்கு இது மெகாபிக்ஸலைவிடப் பெரிய விஷயம்.

இருட்டியபின் சென்சாரின் பரப்பு பேசத் தொடங்கும். முழுச்சட்டகம் 864 சதுர மில்லிமீட்டர். ஏ.பி.எஸ்-சி ஏறத்தாழ 370. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 225. 'ஒரு அங்குலம்' என்று விற்கப்படும் சென்சார் 116தான். அந்த அங்குலம் பழைய தொலைக்காட்சிக் கேமராக் குழாயின் வெளிவிட்டத்திலிருந்து வந்த பெயர், சென்சாரில் எந்தப் பக்கத்தை அளந்தாலும் ஒரு அங்குலம் வராது. ஒளி துகள் துகளாக, மழைத்துளிபோல் ஒழுங்கில்லாமல் வருகிறது. ஒரு பிக்ஸலில் சராசரியாக 100 துகள் விழுந்தால் அதில் பத்து கூடவோ குறையவோ இருக்கும்; பத்து விழுக்காடு தடுமாற்றம், அதுவே படத்தில் மணல்மணலாகத் தெரியும் இரைச்சல். 10,000 துகள் விழுந்தால் தடுமாற்றம் நூறு, ஒரு விழுக்காடு மட்டும். பெரிய பாத்திரத்தில் அதிக மழை.

புகைப்படக்காரருக்கு இதற்கு ஒரு தப்பிக்கும் வழி உண்டு. வளைவு நகராது, தடுப்புக் கம்பியில் கேமராவை ஊன்றி அரை நொடி திறந்து வைக்கலாம். காணொளிக்காரர் ஐம்பதில் ஒரு நொடியிலேயே கட்டுண்டு கிடக்கிறார். அதாவது அவருக்குக் கிடைப்பது இருபத்தைந்தில் ஒரு பங்கு வெளிச்சம். கைப்பேசி இரவில் அற்புதமாகப் படமெடுத்து, காணொளியில் சொதப்புவதற்கும் காரணம் இதுவே. படத்துக்குப் பல சட்டகங்களை எடுத்து ஒன்றாக அடுக்கிச் சேர்க்க அதற்கு நேரம் கிடைக்கிறது. காணொளியில் அடுத்த சட்டகம் 40 மில்லிநொடியில் வந்து நின்றுவிடும்.

ஆகவே இரவில் காணொளி எடுக்கிறவர் லென்ஸில் பணத்தைப் போட வேண்டும். எஃப் 4 லென்ஸைவிட எஃப் 2.8 இருமடங்கு ஒளி தரும், எஃப் 1.8 ஏறத்தாழ ஐந்து மடங்கு. புதிய முழுச்சட்டகக் கேமராவோடு வரும் மெதுவான ஜூம் லென்ஸைவிட, பழைய ஏ.பி.எஸ்-சி கேமராவில் மாட்டிய எஃப் 1.8 லென்ஸ் தேக்காவின் இரவில் நன்றாக எடுக்கும். பரப்பில் இழந்தது 2.3 மடங்கு, லென்ஸில் பெற்றது ஐந்து மடங்கு. கையில் இருக்கும் வெள்ளியை உடலுக்கும் லென்ஸுக்கும் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொள் என்று அவளிடம் சொன்னேன். சரி என்று தலையாட்டினாலும் கண் கேமரா உடல்கள்மேலேயே இருந்தது. எல்லாருக்கும் அப்படித்தான்.

பகலில் நிலைமை தலைகீழ். நண்பகல் வெயிலில் பஃபலோ ரோட்டுக் கீரைக்கடையைப் படமெடுக்க, ஐஎஸ்ஓ 100, எஃப் 16, நூறில் ஒரு நொடி என்பது பழைய கணக்கு. காணொளியில் பின்னணி மங்க வேண்டும் என்று எஃப் 2.8 திறந்து, ஷட்டரையும் ஐம்பதில் ஒன்றாக வைத்தால் 64 மடங்கு வெளிச்சம் கூடுதலாகக் கொட்டும். நிறத்திருத்தத்துக்காக 'லாக்' அமைப்பில் எடுப்பவர்களுக்கு ஐஎஸ்ஓ 800 வரை ஏறிவிடுவதால் அது 512 மடங்கு. லென்ஸுக்கு முன்னால் மாட்டும் கறுப்புக் கண்ணாடி, என்.டி ஃபில்டர், இல்லாமல் இந்த ஊரில் பகல் காணொளி இல்லை. ஷட்டர் வேகத்தை வெகுவாகக் கூட்டிச் சமாளிக்கலாம்தான். ஆனால் ஒவ்வொரு சட்டகமும் வெட்டிவைத்ததுபோல் நின்று, நடை துள்ளலாகத் தெரியும். கண்ணுக்கு இதமான அசைவுக்குச் சட்டக நேரத்தில் பாதியளவு ஷட்டர் திறந்திருக்க வேண்டும் என்பது திரைப்படக்காரர்கள் நெடுங்காலமாகக் கைக்கொள்ளும் வழக்கம்.

நிறத்தைப் பற்றி ஒன்று. கேமராவின் ஒளிமானி, தான் பார்ப்பது எல்லாம் சராசரியில் 18 விழுக்காடு ஒளியைத் திருப்பும் சாம்பல் நிறம் என்று எண்ணிக்கொள்கிறது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பின்னால் மல்லிகைச் சரங்கள் என்று சட்டகம் நிறைந்தால் அது ஒளியைக் குறைத்துவிடும். மாநிறமோ கறுப்போ, மாப்பிள்ளையின் முகம் இருண்டுபோகும். பிறகு முகத்தை வெளிச்சமாக்க வேண்டும். புகைப்படத்தில் ரா கோப்பு 14 பிட். ஒவ்வொரு நிறத்துக்கும் 16,384 படிகள். முகத்தைத் தூக்கினால் தோலின் மினுமினுப்பும் சேர்ந்து எழுந்து வரும். 8 பிட் காணொளியில் 256 படிகள்தான்; தூக்கினால் கன்னத்தில் திட்டுத்திட்டாக நிறம் பிரியும். 10 பிட் என்றால் 1024. நம் தோல் நிறத்தை நியாயமாகக் காட்ட வேண்டும் என்று நினைக்கிறவர் 10 பிட் இல்லாத காணொளிக் கேமராவை இனி வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. முகத்தை அளந்து ஒளியமைக்கும் பழக்கம் அதற்கும் முந்தியது. அது காசில்லாமல் வருவது.

குங்குமத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. இடத்தை மிச்சப்படுத்த, பெரும்பாலான காணொளிகள் நான்கு பிக்ஸலுக்கு ஒரு நிறத்தகவலை மட்டும் வைத்துக்கொள்கின்றன. வெளிச்சத் தகவல் மட்டும் ஒவ்வொரு பிக்ஸலுக்கும். கண் நிறத்தைவிட வெளிச்சத்தில்தான் நுணுக்கம் பார்க்கும் என்பதால் இது பெரும்பாலும் பிடிபடாது. சற்றே தள்ளி நிற்கும் பெண்ணின் நெற்றியில் சின்னக் குங்குமப் பொட்டு போன்ற செறிந்த சிவப்பில் மட்டும் ஓரம் பிசிறும். 4:2:2 என்று எழுதியிருந்தால் இந்தத் தகவல் இருமடங்கு கிடைக்கும். கோப்பும் பெருக்கும். நொடிக்கு 100 மெகாபிட் என்றாலே மணிக்கு 45 ஜிகாபைட். நான்கு மணி நேரத் திருமணத்துக்கு 180. நினைவக அட்டையில் வி30 என்று இருந்தால் நொடிக்கு 30 மெகாபைட் தடையில்லாமல் எழுதும். வி60, வி90 அதன் இருமடங்கு, மும்மடங்கு.

சிங்கப்பூர்க்காரர் மற்ற எல்லாரையும்விடக் கூடுதலாகக் கேட்க வேண்டிய கேள்வி வெப்பம். நொடிக்கு 25 முறை இரண்டு கோடிப் பிக்ஸலைப் படித்து, சுருக்கி, எழுதும் வேலை சென்சாரையும் செயலியையும் கொதிக்க வைக்கிறது. கை நடுக்கத்தைச் சமன்செய்ய சென்சாரைக் காந்தங்களுக்கு நடுவே மிதக்கவிட்டிருக்கிறார்கள். உலோக உடலை அழுத்தித் தொடாத சென்சாரிலிருந்து வெப்பம் வெளியேறும் வழி ஒடுக்கம். நிறுவனங்கள் சொல்லும் 'இத்தனை நிமிடம் தொடர்ந்து எடுக்கலாம்' என்பது பெரும்பாலும் 23 அல்லது 25 டிகிரி செல்சியஸில் அளந்தது. இங்கே குளிரூட்டிய அறையில்தான் அந்த எண் உண்மை. கடைவாசல் ஐந்தடித் தளத்தில் 31, 32 டிகிரி. வெயில் நேரே படும் கறுப்புக் கேமராவின் உடல் அதற்கும் மேல். தைப்பூச ஊர்வலத்தைக் காலை பத்து மணிக்குமேல் தொடர்ந்து எடுக்கப் போகிறவர், உள்ளே மின்விசிறி வைத்த உடலைப் பார்க்கலாம். ஏ7எஸ் 3இன் அதே வகை சென்சாரோடு, விசிறியும் சேர்த்து 2021இல் வந்த எஃப்.எக்ஸ்3 ஓர் எடுத்துக்காட்டு. திருமணத்தை ஐந்து நிமிடத் துண்டுகளாக எடுப்பவருக்கு இந்தச் செலவு வேண்டாம்.

பழைய கேமராக்களில் 29 நிமிடம் 59 நொடியில் பதிவு தானாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது வெப்பத்தால் வந்ததில்லை. அரை மணி நேரமோ அதற்கு மேலோ தொடர்ந்து எடுக்கும் கருவியை ஐரோப்பிய ஒன்றியச் சுங்கம் காணொளிக் கேமராவாக வகைப்படுத்தி அப்போது வரியைக் கூட்டி வந்தது. அதைத் தவிர்க்க வைத்த பூட்டு, சிங்கப்பூர்வரை வந்து மாங்கல்யதாரணத்தின் நடுவே நின்றது. செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர் இதைக் கட்டாயம் கேட்டுவிட வேண்டும்.

பிறகு ஈரம். 31 டிகிரியில் காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காடாக இருந்தால், 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் படியும். எம்.ஆர்.டி ரயிலிலோ குளிரூட்டிய மண்டபத்திலோ ஒரு மணி நேரம் இருந்த கேமரா 23, 24 டிகிரிக்கு வந்திருக்கும். லிட்டில் இந்தியா நிலையத்திலிருந்து வெளியே வந்து லென்ஸ் மூடியைக் கழற்றியதும் கண்ணாடி பனித்துப்போவது இதனால்தான். துடைத்தால் மறுபடி பனிக்கும், துடைக்க வேண்டாம். பையை மூடியபடியே பத்து இருபது நிமிடம் வெளியில் வைத்திருந்து பிறகு திறந்தால் போதும். மழைத்துளிக்கும் தூசிக்கும் அடைப்பு வைத்த உடல் இதைத் தடுக்காது, நீர் காற்றோடு வருவது.

வீட்டில் பூஞ்சை காத்திருக்கிறது. ஈரமும் இருட்டும் காற்றோட்டமில்லாத பையும் சேர்ந்தால் லென்ஸுக்குள் சிலந்திவலைபோல் இழை விட்டு, கண்ணாடிமேல் பூசிய படலத்தையே அரித்துவிடும். 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் வைத்திருக்கும் டிரை கேபினெட் ஒன்று வீட்டு மூலையில் இருக்க வேண்டும். கேமரா வாங்கும் பணத்தில் முதலில் இதை ஒதுக்கு என்று அவளிடம் சொன்னேன். சிட்டி ஹால் பக்கம் பெனின்சுலா கட்டடங்களில் பழைய லென்ஸ் பார்க்கப் போனால் கைப்பேசி விளக்கை லென்ஸின் பின்பக்கமிருந்து அடித்து, முன்பக்கமிருந்து பார்க்க வேண்டும். பூஞ்சை இருந்தால் அந்த வெளிச்சத்தில் ஒளிந்துகொள்ள முடியாது.

கோமளவிலாஸ் உணவகத்தில் வந்து உட்கார்ந்து இவ்வளவையும் பேசி முடித்தபோது காப்பி ஆறிப்போயிருந்தது. அவள் ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். நிறுவனப் பெயர் ஒன்றுகூட அதில் இல்லை. 25 சட்டகம். 10 பிட். படிக்கும் நேரம்? நடுவில் வெட்டுகிறதா? வெயிலில் எத்தனை நிமிடம்? எஃப் 1.8. ஃபில்டர். பெட்டி.

"மாமா, இதெல்லாம் சரியா இருக்கிறது பழைய மாடல்னா பரவாயில்லையா?"

"உன் கல்யாண வீட்டுக்காரங்க மாடலைப் பாக்கப் போறதில்லம்மா. புடவை புடவையா தெரியுதான்னுதான் பாப்பாங்க."

அடுத்த வாரம் மூன்று ஆண்டு பழைய ஏ.பி.எஸ்-சி உடல் ஒன்றும், புதிய எஃப் 1.8 லென்ஸ் ஒன்றும் வாங்கினாள். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, சூரியன் மறையும் நேரத்துக்கு மறுபடி அதே தடுப்பருகே நின்றோம். முதல் ஐந்து நிமிடம் படம், குமிழைத் திருப்பிக் காணொளி, மறுபடி படம். வானம் கறுத்தபின் கேமராவைத் தாழ்த்திக்கொண்டு சாலையைக் கடந்து, ஐந்தடித் தளத்தில் பூக்கட்டும் அம்மாவின் விரல்களை எடுக்கப் போனாள். அந்த அம்மாவின் தலைக்குமேல் பழைய குழல்விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். திரையில் கோடு எதுவும் இல்லை. நார் சுற்றும் விரல்கள் மட்டும் சற்றே மங்கலாக, வேகமாக ஓடிக்கொண்டிருந்தன.